தலைவருக்கு வந்த பிறகு எனக்கு வந்த நோய்

முதலில் வந்தது உப்பு ஆசை. மாவடு ஜாடியிலிருந்த உப்புத் தண்ணீரை டம்ளரில் ஊற்றிக் குடித்தேன். பிறகு எழுந்து நின்றாலே தலை சுற்றியது. ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீட்டு மாடிப்படி ஏறுவதற்குள் இரண்டு தடவை உட்கார்ந்தேன். முகமும் கருத்துக்கொண்டே வந்தது.

“வெயில்ல போகாத. பவுடராவது போட்டுக்க,” என்றார் என் கணவர்.

பாலக்கரையில் பிளெக்ஸ் பேனர் அடிக்கும் கடை அவருக்கு. அவர் உயிரையே வைத்திருந்த தேசியத் தலைவரின் முகமும் அந்த வருஷம் கருத்தது. “ஜனங்களுக்காக அலைஞ்சே கருத்துட்டாரு, பாவம்,” என்று கண் கலங்குவார். அதே கருப்புதானே எனக்கும்! தலைவருக்கு என்றால் தியாகம், எனக்கு என்றால் பவுடர். வயிறு எரிந்தது.

ஒரு ஞாயிறு காலை, தலைவருக்கு அடிசன் நோய் (சிறுநீரகத்தின் மேலுள்ள அட்ரீனல் சுரப்பிகளை உடம்பின் எதிர்ப்புச் சக்தியே அழிப்பது) என்று டிவியில் சொன்னார்கள். தோல் கருக்கும், உள்ளங்கை ரேகை கருக்கும், உப்பு கேட்கும் என்றார் ஒரு டாக்டர். கணவர் எழுந்து வந்து என் கையைத் திருப்பிப் பார்த்தார். ரேகைகள் பென்சிலால் கோடு போட்டதுபோல் இருந்தன.

“ஏன் சொல்லல நீ?”

“ஒரு வருஷமா சொல்றேங்க. உங்களுக்குத் தலைவர் வந்து சொல்லணும்.”

மறுநாள் ஆஸ்பத்திரியில் என் ரத்தத்தில் கார்டிசால் (உடம்பு நெருக்கடியைத் தாங்க உதவும் ஹார்மோன்) பார்த்தார்கள். மிகக் குறைவு. “இன்னும் விட்டிருந்தா உயிருக்கே ஆபத்துங்க. எப்படிக் கண்டுபிடிச்சீங்க?” என்றார் டாக்டரம்மா.

“எங்க தலைவருக்கும் இதேதாங்க மேடம்,” என்றார் இவர், பெருமையாக. சலைன் ஏறிக்கொண்டிருந்த எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. உயிரைக் காப்பாற்றிய மனிதர் மேல் இப்படிப் பொறாமைப்பட்டவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

இதே நோயோடு இருப்பவர்களுக்குச் சொல்கிறேன்: மாத்திரை ஆயுளுக்கும் உண்டு. நீங்களாக நிறுத்தாதீர்கள். காய்ச்சல் வந்தால் டாக்டர் சொன்னபடி அளவைக் கூட்டுங்கள். என் பொழுதே இப்போது இரண்டாகிவிட்டது, மதிய மாத்திரைக்கு முன், மதிய மாத்திரைக்குப் பின் என்று.

போன மாதம் தலைவர் திருச்சிக்கு வந்தார். அன்று பார்த்து எனக்குக் காய்ச்சல். வெள்ளைச் சட்டையோடு வாசல் வரை போன கணவர் திரும்பி வந்தார்.

“ரெண்டு மணி ஆச்சே, மாத்திரை போட்டியா?”

“நீங்க கூட்டத்துக்குப் போகலையா?”

“டிவில பாத்துக்கறேன்.”

என் கையை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். இப்போதெல்லாம் தினமும் பார்க்கிறார். “வெளுத்துட்டு வருது,” என்றார் சந்தோஷமாக. முழுதாக வெளுத்துவிடக் கூடாதே என்றிருந்தது எனக்கு.