இக்னாஸ் போஸ்பிஷிலின் உத்தமத் தொண்டை

இக்னாஸ் போஸ்பிஷிலுக்குச் சொத்து என்று இருந்தது ஒரு தொண்டைதான். அதை வைத்துக்கொண்டு அந்த மனிதன் அடித்த அலட்டல் இருக்கிறதே, அரண்மனை வைத்திருந்தவன்கூட அப்படி அலட்டியிருக்க மாட்டான்.

வியன்னாவின் தெற்குப் பக்கத்தில், செங்கல் சூளைகளுக்கு நடுவில் பிறந்தவன். அப்பா பொஹீமியாவிலிருந்து பிழைப்புத் தேடி வந்து செங்கல் அறுத்தவர். பையனுக்குச் செங்கல் ஒத்துவரவில்லை. வாடகைக் குதிரை வண்டிகளைக் கழுவிக்கொண்டிருந்தான். அப்படியே கழுவி முடித்துக் கண்ணை மூடியிருப்பான், ஒரு குளிர்காலத்தில் விடாத இருமல் வந்து ஆஸ்பத்திரிக்குப் போகாமல் இருந்திருந்தால்.

அங்கே டாக்டர் ருட்னர் என்ற இளம் வைத்தியர். நெற்றியில் ஒரு வட்டக் கண்ணாடியைக் கட்டிக்கொண்டு, நீளக் காம்பு வைத்த சின்னக் கண்ணாடியை விளக்குச் சுடரில் காட்டிச் சூடாக்கி, அவன் வாய்க்குள் விட்டார். தொண்டைக்குள் எட்டிப் பார்க்க அப்போது அது ஒன்றுதான் வழி. கண்ணாடி உள்நாக்கில் பட்டதுமே ஜனங்கள் ஓங்கரித்து டாக்டரின் சட்டையை நாசம் செய்துவிடுவார்கள். இக்னாஸ் மட்டும் கல்லுப்பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருந்தான்.

"குமட்டலையாப்பா?" என்றார் டாக்டர்.

"குமட்டணுங்களா ஐயா? சொல்லியிருந்தா குமட்டியிருப்பேனே."

டாக்டருக்குப் புதையல் கிடைத்த சந்தோஷம். பக்கத்து அறை டாக்டர்களையெல்லாம் கூப்பிட்டுக் காட்டினார். அன்றைக்கே இக்னாஸின் தலையெழுத்து மாறிவிட்டது. தொண்டை வைத்தியம் படிக்க அமெரிக்காவிலிருந்தும் ரஷ்யாவிலிருந்தும் டாக்டர்கள் வியன்னாவுக்கு வந்து குவிந்த காலம் அது. கை பழகுவதற்கு அவர்களுக்கு ஒரு தொண்டை வேண்டாமா? நாற்காலியில் உட்கார்ந்து வாயைத் திறந்து வைத்திருப்பதற்கு இக்னாஸுக்குக் கூலி கொடுத்தார்கள். வாயைத் திறந்து பிழைப்பவர்கள் ஊரில் நிறையப் பேர் உண்டு, வக்கீல்கள், பாதிரிமார்கள். ஆனால் திறந்தது திறந்தபடி வைத்து, ஒரு வார்த்தை பேசாமல் பிழைத்தவன் இவன் ஒருவன்தான்.

தலைகால் புரியவில்லை அவனுக்கு. ஆகஸ்ட் வெயிலிலும் கழுத்தில் பட்டுத்துணி. சூடான சூப்பைத் தொட மாட்டான். ஒருநாள் ஒரு சாராய வண்டி கால்மேல் ஏறியபோதுகூடத் தொண்டை கெட்டுவிடுமென்று கத்தாமல் நின்றான்.

அவனுக்கு வாய்த்த மனைவியோ சென்சி. நாஷ்மார்க்ட் சந்தையில் முட்டைக்கோஸும் முள்ளங்கியும் விற்றாள். அவள் குரல் எடுத்தால் சந்தையின் அந்தக் கோடியில் நிற்கிற சமையல்காரி திரும்பிப் பார்ப்பாள். பேரம் பேசியவர்கள் மறுநாள் வேறு தெரு வழியாகப் போவார்கள்.

"அமெரிக்காவுல என் தொண்டையப் பாக்காத டாக்டரே இல்லடி" என்பான் இக்னாஸ்.

"ஆமா, உலகமே எட்டிப் பாத்துச்சு. அதுலேர்ந்து ஒரு நல்ல வார்த்தை வந்து எவனும் பாக்கல. தூக்குய்யா கூடைய!"

இப்படி ஓடிக்கொண்டிருந்த குடும்பத்தில், 1884 வசந்தத்தில் சென்சியின் குரல் கரகரத்தது. சளி என்றாள். இக்னாஸுக்கு உள்ளூரக் குஷி. வீடு இப்போதுதான் வீடு மாதிரி இருக்கிறது என்று பீர்க்கடையில் சொல்லிச் சிரித்தான். கோடை வந்தபோது அவள் வாயைத் திறந்தால் வெறும் காற்றுதான் வந்தது. சந்தையில் ஒரு மாட்டு மணியை வாங்கி ஆட்டிப் பார்த்தாள். பால்காரி என்று நினைத்து ஜனங்கள் செம்போடு வந்தார்கள். பக்கத்துக் கடை போல்டி, "நான் உனக்கும் சேத்துக் கத்துறேன் அக்கா" என்று ஆரம்பித்தவள், நாளடைவில் தன் முள்ளங்கிக்கு மட்டும் கத்தினாள். சென்சியின் முட்டைக்கோஸ் வாடிக் கிடந்தது. ஒரு ராத்திரி சாப்பாட்டு மேஜையில் அவள் இவனைத் திட்ட வாயெடுத்து, வராமல், கரண்டியை வைத்துவிட்டு எழுந்து போனாள். இக்னாஸுக்கு அன்றைக்குத்தான் நெஞ்சில் சுருக்கென்றது. அந்தத் திட்டு இல்லாமல் அவனுக்குச் சோறு இறங்கவில்லை.

டாக்டர் ருட்னரிடம் கூட்டிப்போனான். சென்சி அவர் விரலைக் கடித்துவிட்டாள். வேண்டுமென்றா கடித்தாள்? கண்ணாடி பட்டதும் குடலே வெளியே வருகிற மாதிரி ஓங்கரித்தாள், பாவம். எப்படியோ ஒரு நொடி பார்த்துவிட்ட டாக்டர் சொன்னார்:

"குரல் நாண்ல பட்டாணி மாதிரி ஒரு கட்டி இருக்கு. வாய் வழியா எடுத்துடலாம், ஆனா இவங்க அசையாம உக்காரணும். இல்லேன்னா கழுத்தை வெளியிலேர்ந்து அறுத்துத்தான் எடுக்கணும். அப்படி எடுத்தா குரல் திரும்புமான்னு நான் சத்தியம் பண்ண முடியாது."

"அசையாம உக்கார நான் பழக்குறேன் ஐயா. நான் யாருன்னு நெனச்சீங்க?" என்று மார்தட்டினான் இக்னாஸ்.

தினமும் சாயங்காலம் கரண்டிக் காம்பை வைத்துப் பயிற்சி. அப்போது டாக்டர்களும் நோயாளிகளை அப்படித்தான் வாரக்கணக்கில் பழக்குவார்கள். "மூக்கால மூச்சு விடு. ஏதாவது நல்லதா நெனச்சுக்கோ. என்னைய நெனச்சுக்கோ." அவனை நினைத்ததும்தான் அவளுக்கு அதிகமாகக் குமட்டியது. கடைசியில் கரண்டி இரண்டாக வளைந்து ஜன்னல் வழியாகப் போயிற்று.

அந்த இலையுதிர்காலத்தில்தான் புது மருந்து வந்தது. கண் வைத்தியர்கள் ஒரு சொட்டு விட்டுக் கண்ணையே மரக்கச் செய்துவிட்டார்களாம். அதையே தொண்டை டாக்டர்கள் தூரிகையில் தோய்த்து உள்ளே தடவிப் பார்த்தார்கள். ஓங்கரிப்பதில் பேர்பெற்ற ஒரு கிழட்டு வண்டிக்காரர் கன்றுக்குட்டி மாதிரி சாதுவாக உட்கார்ந்திருந்தார். அமெரிக்க டாக்டர்கள் கைதட்டினார்கள். மூலையில் நின்ற இக்னாஸ் கழுத்துப் பட்டுத்துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டான். கண்டவன் தொண்டையெல்லாம் அடங்கி உட்கார்ந்தால், இவன் தொண்டையை எவன் சீண்டுவான்?

புத்தி போன போக்கைப் பாருங்கள். ஆஸ்பத்திரி நடைக்கூடத்தில் காத்திருந்த நோயாளிகளிடம் போய்க் கதை கட்டினான். "அந்த மருந்தா? தொண்டைய மரமாக்கிடும் அம்மா. அதைத் தடவிக்கிட்ட டிராம் வண்டிக்காரன் உருண்டைக் கொழுக்கட்டையோட கரண்டியையும் சேத்து முழுங்கிட்டான். அவனுக்கே தெரியல!" கதை சந்தைக்குப் போய், போல்டி வாயில் கால் முளைத்து, டிராம்காரன் செத்து, அவன் பெண்டாட்டி மறுகல்யாணமும் பண்ணிக்கொண்டாள். அந்தச் சமயத்தில்தான் டாக்டர் ஆள் அனுப்பினார்: சென்சியைக் கூட்டி வா, இந்த மருந்து இருந்தால் வாய் வழியாகவே எடுத்துவிடலாம்.

சென்சி தலையை ஆட்டினாள். மாட்டேன்.

"கரண்டி முழுங்கிச் சாக நான் வரல" என்று காற்றாகச் சொன்னாள்.

இக்னாஸ் தலையில் கைவைத்தான். "அடியே, அந்தக் கதைய கட்டினவனே நான்தான்டி!"

"என்னை இழுத்துக்கிட்டுப் போறதுக்காக இப்ப இப்படிச் சொல்ற."

ஆயுசில் ஒரே ஒருமுறை உண்மை சொன்னான், அதையும் அவள் நம்பவில்லை. கெஞ்சினான், மாதா மேல் ஆணையிட்டான். அவள் அசையவில்லை. டாக்டர் குறித்திருந்த, கழுத்தை அறுக்கிற நாள் நெருங்கிக்கொண்டிருந்தது.

கடைசியில் அவளை வெளிநாட்டு டாக்டர்கள் படிக்கிற வகுப்புக்கே கூட்டிப்போய் முன்வரிசையில் உட்காரவைத்துவிட்டு, தானே போய் நாற்காலியில் உட்கார்ந்தான். "ஐயா, அந்தச் சனியன என் தொண்டையில தடவுங்க. இவ பாக்கட்டும்."

டாக்டர் ருட்னர் தயங்கினார். "உனக்கு அது தேவையே இல்லையேப்பா. இத்தனை பேருக்கு முன்னால... யோசிச்சுக்கோ."

"யோசிச்சா எழுந்து ஓடிடுவேன். தடவுங்க."

தடவினார். ஒரே கசப்பு. கொஞ்ச நேரத்தில் தொண்டை இருந்த இடம் காலியாகிவிட்ட மாதிரி ஆயிற்று. "ஐயோ, எங்க போச்சு? என் தொண்டை எங்க போச்சு?" என்று கழுத்தைப் பிடித்துக்கொண்டு அலறினான். வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது. சென்சி சிரிக்கவில்லை. கையைக் கட்டிக்கொண்டு அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். மரப்பு விட்டதும் தன் பையிலிருந்து ஒரு கொழுக்கட்டையை எடுத்து நீட்டினாள். அவன் மென்று விழுங்கினான்.

"தெரியுதா?"

"தெரியுது. உப்பு கம்மி."

அவள் எழுந்து வந்து, அவனை இடித்துத் தள்ளிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். தூரிகை உள்ளே போயிற்று, கண்ணாடி போயிற்று, வளைந்த இடுக்கி போயிற்று. அவள் அசையவே இல்லை. டாக்டர் எடுத்துக் காட்டிய கட்டி, சந்தையில் கீழே விழுந்தால் பொறுக்க மாட்டார்கள், அவ்வளவு அற்பம். காயம் ஆறும்வரை பேச்சே கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லி அனுப்பினார்.

அடுத்த வகுப்புக்கு இக்னாஸைக் கூப்பிடவில்லை. அதற்கடுத்ததற்கும் கூப்பிடவில்லை. அவன் கூடை தூக்கப் போனான். இரவில் பக்கத்தில் படுத்திருந்தவளிடம் ஒன்றும் கேட்காமல் அவள் மூச்சையே கேட்டுக்கொண்டிருந்தான்.

காயத்தைப் பார்க்கிற நாள் வந்தது. டாக்டர் மறுபடி மருந்து தடவி, கண்ணாடி விட்டுப் பார்த்தார். பிறகு இக்னாஸைத் திரும்பிப் பார்த்தார். "வந்து பாக்குறியா?"

"நானா? நான் தொண்டைய பாத்ததே இல்லீங்களே ஐயா."

இத்தனை வருஷம் அத்தனை பேர் பார்த்திருக்கிறார்கள், இவனுக்குக் காட்ட ஒருவருக்கும் தோன்றவில்லை. டாக்டர் தன் நெற்றிக் கண்ணாடியைக் கழற்றி அவன் தலையில் கட்டிவிட்டு, காம்புக் கண்ணாடியைக் கையில் கொடுத்து, அவன் மணிக்கட்டைப் பிடித்துச் சென்சியின் வாய்க்குள் கொண்டுபோனார். முதலில் நாக்கு மட்டும்தான் தெரிந்தது. பிறகு சட்டென்று தெரிந்தது: ஈரச் சிவப்புக்குள்ளே இரண்டு வெள்ளைப் பட்டைகள், மூச்சுக்குத் தகுந்தபடி விலகி நின்றன.

"சென்சி, ஒரு 'ஈ' சொல்லும்மா."

இரண்டு பட்டைகளும் நெருங்கி வந்து சேர்ந்து நடுங்கின. குரல் வந்தது. கரகரப்பில்லாமல், பழைய குரல்.

இக்னாஸுக்குக் கண் மறைத்தது. "ஐயா, என்னோடதும் இப்படித்தான் இருக்குமா?"

"கிட்டத்தட்ட."

"இல்லீங்க. இது ரொம்ப அழகு."

சென்சி அவன் கையைப் பிடித்துக் கண்ணாடியை வெளியே இழுத்தாள். "அழுது அழுது என் மூஞ்சியெல்லாம் நனைக்கிறான் பாரு மடப்பய! தள்ளுய்யா!" நடைக்கூடத்தில் காத்திருந்தவர்கள் எழுந்து நின்றுவிட்டார்கள். "மெதுவா அம்மா, மெதுவா" என்று டாக்டர் பதறினார்.

இக்னாஸ் அவள் முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்தான்.

"இன்னொரு தடவ திட்டுடி" என்றான்.