துடைத்த கத்தி

தக்காளி வளர்க்கும் பசுமைக் கூடாரத்தில் அவளுக்கு ‘எக்ஸ்பிரஸ்’ என்று பெயர். பக்கக்கிளை கழிக்கும்போது செடிக்குச் செடி கத்தியைக் கிருமி கொல்லும் மருந்தில் முக்கவேண்டும். அவளோ மேலங்கியில் ஒரு துடை துடைத்து அடுத்த செடிக்குப் போய்விடுவாள்.

ஒரு வரிசை முழுக்க, ஈர மண்ணில் நின்றபடியே வாடியது. கூட வேலைபார்க்கும் கணவன் தண்டை வெட்டித் தம்ளர் தண்ணீரில் பிடித்தான். பால்போல ஒரு நூல் இறங்கியது.

“பாக்டீரியா. மயிர் மாதிரி இழையால ஒட்டிக்கும். அது மேல இருக்கிற வழவழப்பு, தண்டுக்குள்ள தண்ணி போற வழிய அடைச்சிடும்.”

“கத்தியிலயும் ஒட்டுமா?”

“உன் எக்ஸ்பிரஸ்ல டிக்கெட் இல்லாம வந்திருக்குடி.” சொன்னவனுக்கே சிரிப்பு வரவில்லை.

வாடிய வரிசையை அவளே பிடுங்கினாள். பக்கத்து வரிசையாவது பிழைக்கவேண்டுமே என்று செடிக்கொரு முறை கத்தியை முக்கி, நத்தையாய் நகர்ந்தாள். மருந்து வாளியைத் தூக்கிக்கொண்டு, அவசரப்படுத்தாமல், பின்னாலேயே வந்தான் அவன்.