இருநூற்று ஐம்பத்தாறாவது படி

என் நாத்தனாருக்கு நான் ஒன்றைத் தவறாகச் சொல்லிக்கொடுத்தேன். தவறு என்று தெரிந்த பிறகும் பாதி நாள் வாயைத் திறக்காமல் இருந்தேன். அதை நினைத்தால் இப்போதும் கூச்சமாக இருக்கிறது.

என் கணவரின் அக்கா அவர். நான் வதினா என்று கூப்பிடுவேன். நாற்பது தாண்டியவர், அரக்கோணத்தில் ஓர் அலுவலகத்தில் கிளார்க். குளியலறையில் வழுக்கி விழுந்து வலது காலில் எலும்பு முறிந்துவிட்டது. அவர் குடியிருப்பதோ இரண்டாவது மாடி; அவர் கணவர், எங்கள் பாவா, வேலைக்காக வெளியூரில் இருந்தார். அதனால் மாவுக்கட்டோடு திருத்தணிக்கு, எங்கள் தரைத்தள வீட்டுக்கு வந்து சேர்ந்தார்.

நான் எலெக்ட்ரானிக்ஸ் படித்தவள். மகள் பிறந்ததும் வேலையை விட்டேன். விடாமல் வைத்திருப்பது ஒரே ஒரு பழக்கம்தான்: கையில் பிடித்து விளையாடும் பழைய வீடியோ கேம் கருவிக்கு நானே கேம் எழுதுவது. லேப்டாப்பில் புரோகிராம் எழுதி, மெமரி கார்டில் ஏற்றி, கருவியில் செருகினால் நாம் எழுதியது அந்தச் சின்னத் திரையில் ஓடும். பெரும்பாலும் ஓடாது.

இதைப் புதிதாகப் பழகுகிறவர்களுக்கு என்று போனில் ஒரு குழு இருக்கிறது. மகள் மதியம் தூங்கும் நேரத்தில் அதில் வரும் புலம்பல்களுக்குப் பதில் எழுதுவேன். ‘ஸ்கிரீன் கறுப்பாவே இருக்குங்க.’ ‘நேத்து ஓடிச்சு, இன்னிக்கு ஓடல, நான் ஒண்ணுமே மாத்தலங்க.’ ஏதோ ஒன்றை மாற்றியிருப்பார்கள். ஒருமுறை ஒருவர் மூன்று நாளாகத் திணறுகிறாரே என்று பாவம் பார்த்து, முழுவதையும் நானே எழுதி அனுப்பிவிட்டேன். ‘ரொம்ப நன்றிங்க, நீங்களே முடிச்சிட்டீங்க’ என்று பதில் போட்டவர், அதற்குப் பிறகு எதுவுமே கேட்கவில்லை. ஆசையைக் கெடுத்துவிட்டேனோ என்று பல நாள் மனசு அரித்தது. அன்றிலிருந்து யாருக்கும் விடையைச் சொல்வதில்லை. ‘கடைசியா என்ன மாத்தினீங்க?’ என்று மட்டும் கேட்பேன்.

வதினா ஒரு வாரம் கட்டிலில் இருந்தபடி என்னைக் கவனித்தார்.

“இன்னாமா இது? கொழந்தைய போன் பாக்காதன்னு திட்டிட்டு, நீ பொம்மை வெச்சி ஆடிகினு இருக்க?”

“ஆடல வதினா. எழுதுறேன்.”

“நானும் ஆபீஸ்ல பதினெட்டு வருஷமா எழுதுறேன். எதுவும் எழுந்து ஆடலியே. எனக்கும் காட்டு.”

என்ன செய்ய ஆசை என்று கேட்டேன். யோசிக்கவே இல்லை. “ஒரு பொம்பள. பட்டன் அழுத்தினா ஒரு படி ஏறணும். மேல போய்ச் சேரணும். அவ்ளோதான்.”

எந்தப் படி என்று நான் கேட்கத் தேவையிருக்கவில்லை. மாதாமாதம் கிருத்திகைக்கு அரக்கோணத்திலிருந்து வந்து, முருகன் கோயிலின் முந்நூற்று அறுபத்தைந்து படியும் ஏறுகிறவர் அவர். ஆட்டோவில் மேலே கூட்டிப்போகிறேன் என்று என் கணவர் சொன்னபோது, “அது சாமி பாக்கறது. ஏறுறது வேற” என்றுவிட்டார். என்னிடம் மட்டும் ஒருநாள் மெதுவாகச் சொன்னார்: “இனிமே ஏற முடியுமான்னு தெரியலம்மா.” சரியாகிவிடும் என்று சொல்ல நினைத்தேன். எனக்கு எப்படித் தெரியும் என்று சொல்லாமல் விட்டேன்.

டைப் அடிப்பதில் அவர் என்னைவிட வேகம். செமிகோலன்தான் மறந்துபோகும். “வாக்கியம் முடிஞ்சா நாம புள்ளி வைக்கிறோம். இவனுக்கு மட்டும் புள்ளிக்குக் கீழ வாலு வேணுமா?” என்று லேப்டாப்பைத் திட்டுவார். இரண்டு வாரத்தில் நீலப் புடவைக்காரி ஒருத்தி, கட்டைவிரல் நகத்தைவிடச் சின்னவள், திரையில் படியேறத் தொடங்கினாள். “அத்தை ஏறுது!” என்று என் மகள் கைதட்டினாள்.

எத்தனை படி ஏறினாள் என்று எண்ணிவைக்க ஓர் இடம் வேண்டும். அந்த இடத்தைப் பெட்டி என்று அவருக்குச் சொல்லிக்கொடுத்திருந்தேன். “இதுக்கு எந்தப் பெட்டிம்மா?” என்று அவர் கேட்டபோது, நான் மகளின் அக்குளில் தெர்மாமீட்டர் வைத்துக்கொண்டிருந்தேன். காய்ச்சல் இல்லை, இருந்தாலும் மூன்றாவது முறையாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். “சின்னப் பெட்டி ஒண்ணு போதும் வதினா” என்றேன்.

கிருத்திகை வந்தது. காலில் கட்டு இன்னும் இருந்தது. வதினா காலையிலேயே ஈரத்துணியால் உடம்பு துடைத்து, விபூதி இட்டுக்கொண்டு, கருவியைக் கையில் எடுத்து உட்கார்ந்தார். நான் சமையலறையில் இருந்தேன். பட்டன் சத்தம் ஒரே சீராகக் கேட்டுக்கொண்டிருந்தது. பிறகு நின்றது.

“ஏம்மா, இங்க வா.”

நீலப் புடவைக்காரி முதல் படிக்கும் கீழே நின்றாள்.

“ஏறிகினேதான் இருந்தா. திடீர்னு கீழ நிக்கிறா.”

மறுபடி முதலிலிருந்து ஏற்றினார். இந்த முறை வாய்விட்டு எண்ணினார். இருநூற்று ஐம்பத்து நாலு, இருநூற்று ஐம்பத்தஞ்சு, அடுத்த அழுத்தலில் அவள் கீழே இருந்தாள்.

எனக்கு உடனே புரிந்துவிட்டது. சின்னப் பெட்டியில் இருநூற்று ஐம்பத்தைந்து வரைதான் கொள்ளும். அதற்கு மேல் ஒன்று சேர்த்தால் பூஜ்யமாகிவிடும். கோயில் படியின் எண்ணிக்கை தெரிந்தும் நான்தான் போதும் என்றேன். ஆனால் வாயில் வந்தது பழக்கப்பட்ட கேள்வி.

“கடைசியா என்ன மாத்தினீங்க?”

“நான் ஒண்ணுமே மாத்தலியே.”

அது உண்மை.

“கிருத்திகை அன்னிக்கே புடிச்சி கீழ தள்றார் பாரு” என்றார் வதினா. “வராதன்னு சொல்றார்.” கருவியை உறையில் போட்டு மூடிவைத்தார்.

நான் சும்மா இருந்தேன். அவரே கண்டுபிடிக்கட்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பாதிதான். என் பிழை என்று ஒப்புக்கொள்ளப் பயமாகவும் இருந்தது. மதியம் அவர் ரசத்துக்குச் சாதம் வேண்டாம் என்றார். மகள் கருவியைத் தூக்கிக்கொண்டு போய், “அத்தை, ஏறு” என்று நீட்டினாள். “அத்தைக்கு வராதுடா கண்ணு” என்று தலையைத் தடவினார். கொஞ்ச நேரத்தில், அலுவலகத்தில் கூட வேலை செய்யும் பெண்ணிடம் போனில் பேசுவது கேட்டது. “கீழ் மாடி செக்ஷனுக்கு மாத்தல் கேட்டு எழுதிக் குடுத்துடலாம்னு இருக்கேன். இனிமே மாடி எல்லாம் ஆவாது.”

அவர் போனை வைக்கும்வரை கதவருகே நின்றேன்.

“வதினா, அது சாமி இல்ல. நான்.”

“இன்னாது நீ?”

பெட்டியின் கதையைச் சொன்னேன். கேட்டு முடிக்கும் முன்பே பிடித்துக்கொண்டார். “எங்க ஆபீஸ் நம்பர் மெஷின் மாதிரி. எல்லாம் ஒம்போது ஆனதும் திரும்ப முட்டைல இருந்து வரும்.”

“ஆங், அதேதான்.”

“அப்போ முருகன் தள்ளல. நீ தள்ளிவுட்டிருக்க!” சிரிக்க ஆரம்பித்தார். தலையணை மேல் வைத்திருந்த கட்டுக்கால் குலுங்கியது. சட்டென்று நிறுத்தினார். “காலைலியே தெரியுமா உனக்கு?”

“தெரியும்.”

“ஏம்மா சொல்லல?”

குழுவில் காணாமல்போனவரைப் பற்றியும், விடை சொல்வதில்லை என்று நான் வைத்திருக்கும் விதியைப் பற்றியும் சொன்னேன். பயந்ததையும் சொன்னேன்.

“ரூலு நல்ல ரூலுதான். ஆனா நான் அழுதுகினு இருக்கறப்போ இன்னாமா ரூலு?”

அவரே என் கையைப் பிடித்துக் கட்டிலில் உட்காரவைத்தார். “ஒரு பெட்டி ரொம்பினா இன்னொரு பெட்டி வெச்சிக்கலாமா?”

“வெச்சிக்கலாம்.”

“அப்போ நீ சும்மா இரு. நான் பாத்துக்கிறேன்.”

பெரிய பெட்டி என்று ஒன்று இருக்கிறது. ஒரே ஒரு சொல்லை மாற்றினால் போதும். அது நாக்கு நுனிவரை வந்தது. இப்போது சொல்வது உதவியா, கெடுதலா என்று தெரியாமல் வெண்டைக்காய் நறுக்கப் போய்விட்டேன்.

இரண்டு நாள் ஆயிற்று. முந்நூற்று அறுபத்தைந்து என்றால் ஒரு வருஷம்தானே என்று மாதத்துக்கு ஒரு பெட்டி, தேதிக்கு ஒரு பெட்டி வைத்திருந்தார். பிப்ரவரிக்கு இருபத்தெட்டு. “லீப் வருஷத்த மட்டும் கேக்காத” என்றார். ஒவ்வொரு மாதக் கடைசியிலும் நீலப் புடவைக்காரி நின்று மூச்சு வாங்கினாள். அந்த நேரம் பட்டனை அழுத்தினாலும் நகரமாட்டாள். “நானும் நின்னு நின்னுதான் ஏறுவேன்” என்றார் வதினா. எனக்கு இது தோன்றியே இருக்காது.

மகளை மடியில் வைத்துக்கொண்டு பார்த்தேன். காலண்டரில் எண்ணி வைத்திருந்தேன். செப்டம்பர் பன்னிரண்டு இருநூற்று ஐம்பத்தைந்தாவது படி. திரையின் மூலையில் 9-12 என்று வந்ததும் வதினாவின் கட்டைவிரல் நின்றது. அவரும் எண்ணியிருக்கிறார்.

“தள்ளிவுட மாட்டியே?”

“மாட்டேன் வதினா.”

அழுத்தினார். 9-13.

கட்டுப் பிரித்து, பயிற்சி முடிந்து, ஏறலாமா என்று நான் டாக்டரிடம் இரண்டு தடவை கேட்டுக்கொண்ட பிறகு ஒரு கிருத்திகை வந்தது. மகளோடு மலையடிவாரத்தில் நின்றேன். வதினா கைப்பிடியைப் பற்றிக்கொண்டு ஏறினார். முப்பத்தொரு படி. அங்கே நின்று மேலே பார்த்துக் கும்பிட்டார். பிறகு நிதானமாக இறங்கி வந்தார். மாற்றல் மனு என்ன ஆயிற்று என்று நான் கேட்கவில்லை.

“ஜனவரி முடிஞ்சுது” என்றார், மூச்சு வாங்கிக்கொண்டே. “அடுத்த கிருத்திகைக்கு பிப்ரவரியும் சேத்து. அது இருபத்தெட்டுதானே?”