சாவியை எடுத்தாலும் நிற்காத பிக்கப்

எங்கள் பழைய டீசல் பிக்கப்புக்கு விசித்திரமான ஒரு வியாதி வந்தது. சாவியைத் திருப்பி, உருவிக் கையில் வைத்துக்கொண்டாலும் இஞ்சின் தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். கிளம்ப மறுக்கும் வண்டிகள் எத்தனையோ பார்த்திருக்கிறேன். நிற்க மறுக்கும் வண்டியை அப்போதுதான் பார்த்தேன்.

நான் பாசிர் கூடாங்கில் ஒரு ரசாயனத் தொழிற்சாலையில் மின்சாரப் பராமரிப்பு வேலை பார்க்கிறவன். ஆளுயர மோட்டார்களுக்கு வைத்தியம் பார்க்கிற நான் ஒரு பிக்கப்பை வர்க்‌ஷாப்புக்கு அனுப்பினால் என் கௌரவம் என்ன ஆவது? கௌரவம்தான் என்னுடையதே தவிர, வண்டி மனைவியுடையது. அவள் செனாயில் பூந்தொட்டி, மண்பானைக் கடை வைத்திருக்கிறாள். ஆயர் ஈத்தாம் மண்பாண்டப் பட்டறைகளிலிருந்து சரக்கு வருவது அந்த வண்டியில்தான். பொங்கல் நெருங்கிக்கொண்டிருந்தது. பலர் பானைக்குச் சொல்லிவைத்திருந்தார்கள்.

"பொங்கலுக்குள்ள சரி பண்ணிடுங்க. இல்லன்னா எதிர்வீட்டுக்காரருக்கு வித்துட்டு வேன் வாங்கிடுவேன்" என்றாள்.

எதிர்வீட்டுக்காரர் ஏற்கெனவே ஒருமுறை வந்து டயரை உதைத்துப் பார்த்துவிட்டுப் போயிருந்தார். எனக்கு அந்த வண்டி மேல் உயிர். அதை இன்னொருவர் வாசலில் பார்க்க என்னால் முடியாது.

இந்த வகை இஞ்சினில் உள்ளே போகும் டீசலைத் திறந்து மூட ஒரு சின்ன வால்வு உண்டு. சாவியைத் திருப்பினால் அதற்குப் போகும் மின்சாரம் நிற்கும், வால்வு மூடும், இஞ்சின் அணையும். எங்கள் வண்டியில் மின்சாரம் வேறெங்கிருந்தோ திருட்டுத்தனமாக வந்துகொண்டிருந்தது. சாவி ஸ்விட்சை மாற்றினேன். ரிலேயை மாற்றினேன். அந்த வால்வையே மாற்றினேன். டாஷ்போர்டைக் கழற்றி மாட்டியபோது சில திருகாணிகள் மிஞ்சின. அவற்றை மனைவி கண்ணில் படாமல் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். வண்டி மட்டும் நிற்கவில்லை. கியரில் போட்டபடி கிளட்சைச் சட்டென்று விட்டு, மூச்சுத் திணறவைத்துத்தான் அணைத்துக்கொண்டிருந்தேன்.

இதில் வயிற்றெரிச்சல் என்னவென்றால், அவள் ஓட்டினால் வண்டி சமர்த்தாக நின்றுவிடும்.

"எனக்கு நிக்குது லா. உங்களுக்குத்தான் நிக்க மாட்டேங்குது."

"உனக்கு வயரிங் தெரியாதும்மா."

"வயரிங் தெரியாது. நிக்கிறது தெரியுது."

நாங்கள் வண்டி நிறுத்தும் விதம் வேறுவேறு. அவள் நேராக உள்ளே விட்டு, கைபிரேக்கை இழுத்துவிட்டு இறங்கிவிடுவாள். நான் பின்பக்கமாகத்தான் விடுவேன். தொழிற்சாலையில் அது கட்டளை: ஆபத்து என்றால் வண்டி உடனே வெளியே பாய வேண்டும். எங்கள் வீட்டில் இதுவரை எதுவும் வெடித்ததில்லை. ஆனாலும் ரிவர்ஸில் வந்து, ரிவர்ஸ் கியரிலேயே வைத்து, பிரேக்கை அழுத்தமாக மிதித்தபடிதான் சாவியைத் திருப்புவேன்.

பொங்கல் சரக்கு ஏற்றிவந்த அன்றும் அப்படித்தான். இஞ்சின் நிற்கவில்லை. எரிச்சலில், இருப்பது ரிவர்ஸ் கியர் என்பதை மறந்து, பிரேக்கைத் தளரவிட்டபடி கிளட்சை விட்டேன். வண்டி துள்ளிப் பின்னால் போய்ச் சுவரில் மோதி நின்றது. பழைய செய்தித்தாள்களுக்குள் பானைகள் உடையும் சத்தம் ஒவ்வொன்றாகக் கேட்டது.

அவள் திட்டியிருந்தால் தேவலை. ஒவ்வொரு பானையாகக் காகிதத்தை விலக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு அவமானமாக இருந்தது.

கடைசியில், "முன்னால எடுங்க. எப்பவும் நிறுத்துற மாதிரியே நிறுத்திக் காட்டுங்க" என்றாள். பின்னால் போய், வண்டி மறுபடி துள்ளினாலும் மேலே படாதபடி நன்றாக ஒதுங்கி நின்றுகொண்டாள்.

சாவியை உருவினேன். இஞ்சின் ஓடியது.

"சாவி உங்க கையில இருக்கு. இங்க ரிவர்ஸ் லைட் மங்கலா எரியுது."

"எரியாது."

"இறங்கி வந்து பாருங்க."

இறங்குவதற்காகப் பிரேக்கிலிருந்து காலை எடுத்தேன். இஞ்சின் நின்றது. ஓடிப்போய்ப் பார்த்தேன், விளக்கு எரியவில்லை. "பார்த்தியா?" என்று வெற்றியோடு திரும்பினேன். அவள் என்னைப் பார்த்த பார்வையில்தான் எனக்கு உறைத்தது.

பின்விளக்கின் எர்த் வயர் துருப்பிடித்து விட்டுப்போயிருந்தது. வண்டி ரிவர்ஸ் கியரில் இருக்கும்போது, பிரேக் விளக்குக்கு வந்த மின்சாரம் திரும்ப வழியில்லாமல், ரிவர்ஸ் விளக்கு வழியாக முன்பக்கம் போய் அந்த வால்வைத் திறந்தே வைத்திருந்தது. நான் பிரேக்கை மிதித்துக்கொண்டிருக்கும்வரை இஞ்சின் நிற்காது. அத்தனை நாளும் காலால் அதை மிதித்துக்கொண்டு, காரணத்தை டாஷ்போர்டுக்குள் தேடியிருக்கிறேன். உப்புத்தாளால் துருவைத் தேய்த்து ஒரு திருகாணியை முடுக்கினேன். சட்டைப் பையிலிருந்த ஒன்றே பொருந்தியது.

மறுநாள் அவளே ஓட்டிப்போய்ப் புதிய பானைகள் ஏற்றிவந்தாள். வேனைப் பற்றி அப்புறம் பேசவில்லை. உடையாமல் தப்பிய பானைகளை நான் ஒவ்வொன்றாகத் தட்டிக் காதில் வைத்துக் கேட்டு, எல்லாம் பத்திரம் என்று சான்றிதழ் கொடுத்தேன். நான் சொன்னதை நம்பி அவற்றை யாருக்கும் விற்க அவள் தயாராக இல்லை. ஒன்றை மட்டும் எங்கள் வீட்டுக்கு எடுத்துவைத்தாள்.

பொங்கலன்று காலை வாசலில் அடுப்பு மூட்டி, அந்தப் பானையில் பாலை ஊற்றினோம். பால் பொங்குவதற்காகப் பானையின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். பால் ஏறவில்லை. நெருப்புதான் புஸ்ஸென்று அணைந்தது. விறகை மாற்றினேன், ஊதினேன், விறகு ஈரம் என்று விளக்கமும் சொன்னேன்.

அடுப்புக்கு அந்தப் பக்கம் நின்றிருந்த மனைவி நிதானமாகச் சொன்னாள்: "கொஞ்சம் பின்னால வந்து பாருங்க."