ஜூன் ஒன்றாம் தேதிக்காரர்கள்

திருச்செங்கோட்டுப் பக்கம் ஒரு கல்யாணப் பந்தியில் நின்று "அர்த்தநாரி" என்று கூப்பிட்டுப் பாருங்கள். நாலு பேராவது இலையிலிருந்து நிமிர்வார்கள். மலைமேல் இருக்கிற சாமியின் பேர் அது. போதாக்குறைக்குத் தாத்தா பேரைத் தலைப்பிள்ளைக்கு வைக்கிற வழக்கம் வேறு. தாத்தா அர்த்தநாரிக்கு செங்கோடன், சென்றாயன் என்று இரண்டு மகன்கள். இரண்டு பேருக்கும் ஒரே வருஷத்தில் ஆண்பிள்ளை பிறந்தது. அப்புறமென்ன, இரண்டும் அர்த்தநாரிதான்! ஊருக்கு இதில் ஒரு குழப்பமும் இல்லை. செங்கோடன் மகன் மேட்டுக்காட்டான், சென்றாயன் மகன் பள்ளக்காட்டான். தீர்ந்தது சோலி.

இரண்டு பேரையும் ஒரே நாளில் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விட்டார்கள். தலைக்கு மேலே கையைச் சுற்றிக் காதைத் தொடச் சொன்னார் வாத்தியார். தொட்டார்கள். என்றைக்குப் பிறந்தான் என்று கேட்டதற்கு, "கடலைக்காய் பிடுங்கற சமயமுங்க" என்றார் செங்கோடன். வாத்தியார் அலட்டிக்கொள்ளவில்லை. அன்றைக்குச் சேர்ந்த அத்தனை பிள்ளைகளும் ஜூன் ஒன்றாம் தேதி பிறந்தவர்கள் என்று எழுதி முடித்தார்.

நம் கதை மேட்டுக்காட்டானைப் பற்றியது. கணக்கு என்றால் அவனுக்கு உயிர். 1980-ல் பெரிய பல்கலைக்கழகத்தில் எம்.எஸ்ஸி. புள்ளியியலுக்கு இடம் கிடைத்தது. அதே வருஷம் பள்ளக்காட்டானுக்கு அங்கேயே எம்.காம். கிடைத்தது. செங்கோடன் மகனிடம் ஒன்றுதான் சொன்னார். "படிச்சாப் படி. இல்லீன்னா உங்க மாமன் காளியப்பனோட ரிக் லாரியில ஏறிக்க. சும்மா ஊட்டுல உக்கார முடியாது சாமி." அந்த லாரி மத்தியப் பிரதேசத்துக் காடுகளில் ஆழ்துளைக் கிணறு போடப் போகிற லாரி. போனால் மழைக்காலத்துக்குத்தான் ஊர் திரும்பும். அதற்குப் பயந்தே மேட்டுக்காட்டான் விழுந்து விழுந்து படித்தான்.

அந்த வருஷம்தான் பல்கலைக்கழகத்தில் பெயர்ப் பதிவைக் கம்ப்யூட்டரில் ஏற்றினார்கள். கண்ணாடி அறைக்குள் பீரோ பீரோவாக நின்றது அது. செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் கிட்டே போக வேண்டும். ஓட்டை போட்ட அட்டையை இன்றைக்குக் கொடுத்தால் நாளைக்குத்தான் பதில் சொல்லும். சூடேறிவிட்டால் அதற்கு அடுத்த நாள். மாட்டைக்கூட அதட்டி ஓட்டலாம், இதை யார் அதட்டுவது?

பட்டியல் வந்தது. எம்.காமில் எஸ். அர்த்தநாரி இருந்தான். புள்ளியியலில் இல்லை. பதிவுப் பிரிவு குமாஸ்தா தண்டாயுதபாணி மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தார்.

"நீதான் எம்.காம்ல சேந்துட்டியேப்பா. ஒரே ஆளு ரெண்டு எடத்துல படிக்க முடியுமா?"

"அது என்ற சித்தப்பன் மகனுங்க. அவன் வேற, நான் வேறங்க."

"அதே பேரு, அதே இனிஷியல், அதே ஊரு, பொறந்த தேதியும் அதே!"

மறுநாள் பள்ளக்காட்டானைக் கையோடு கூட்டிவந்து பக்கத்தில் நிறுத்தினான். ஒருத்தன் கறுப்பு, நெட்டை. இன்னொருத்தன் சிவப்பு, குட்டை. தண்டாயுதபாணி நல்ல மனுஷன்தான், இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துப் பெருமூச்சு விட்டார்.

"என் கண்ணுக்கு ரெண்டு பேர் தெரியுது. கம்ப்யூட்டருக்கு ஒருத்தன்தாம்பா."

பரிதாபப்பட்டு, பட்டியலின் அடியில் தன் கையாலேயே பேனாவால் அவன் பெயரை எழுதினார். அடுத்த வாரம் புதுப் பட்டியல் அச்சாகி வந்தது. பேனா எழுத்தை இயந்திரம் எங்கே கண்டது? பெயர் இல்லை. மறுபடி எழுதினார். மறுபடி போயிற்று. பிறந்த தேதியை மாற்றி வாங்கி வந்தால் சரியாகும் என்றார்கள். அதற்கு மெட்ராஸுக்கு எழுதிப்போட்டு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். மாற்றுவதற்கு உண்மையான தேதி வேண்டுமே, அது யாருக்குத் தெரியும்? பெற்ற அப்பனே கடலைக்காயோடு நிறுத்திக்கொண்டார்.

வகுப்பில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தான். வருகை எடுக்கும்போது அவன் பெயர் வராது. எல்லோரும் "உள்ளேன் ஐயா" சொல்லி முடிக்கும்வரை தலையைக் குனிந்துகொள்வான். கரும்பலகையில் போடுகிற கணக்கெல்லாம் அவனுக்குப் புரிந்தது, அதுதான் கொடுமை. ஒரு நாள் பள்ளக்காட்டான் விடுதி வாசலில் வந்து நின்றான்.

"நான் வேணா எழுதிக் குடுத்துட்டு ஊருக்குப் போயரட்டா? என்ற பேர எடுத்துட்டா உன்றது ஏறிக்குமாமா."

மேட்டுக்காட்டானுக்கு ஒரு நிமிஷம் ஆசையாகத்தான் இருந்தது. வாய்வரைக்கும் வந்துவிட்டது. ஆனால் சித்தப்பா சென்றாயன் செத்து இரண்டு வருஷம்கூட ஆகவில்லை. சின்னம்மா ராமாயி ஒண்டியாகக் காட்டில் பாடுபட்டு அவனை அனுப்பியிருந்தாள்.

"போடா கிறுக்கா, போய்ப் படி" என்று விரட்டிவிட்டான்.

தேர்வுக்கு ஹால் டிக்கெட் வந்தது. அவனுக்கு மட்டும் வரவில்லை. தண்டாயுதபாணி முகத்தைப் பார்க்காமல், "அடுத்த வருஷம் வாப்பா" என்றார். அடுத்த வருஷம் மேட்டுக்காட்டான் மத்தியப் பிரதேசத்தில் ரிக் லாரி மேல் நின்று குழாய் மாட்டிக்கொண்டிருந்தான். பாறைத்தூள் தலையெல்லாம் வெள்ளையாகப் படியும். எத்தனை அடி போனது என்ற கணக்கு மட்டும் அவன் வாயில் ஓடிக்கொண்டே இருக்கும். பள்ளக்காட்டான் பாங்கு வேலைக்குப் போனான். சந்தோஷம்தான். ஆனாலும் யாராவது ஜூன் ஒன்று என்று சொன்னால் மேட்டுக்காட்டானுக்குச் சுர்ரென்று ஏறும்.

சௌந்திரத்தைக் கட்டினான். ஒரு மகள் பிறந்தாள். தன் அம்மாவின் பேரையே, பெரியநாயகி என்று வைத்தான். அவளுக்கு ஐந்து வயதானபோது மழைக்கு லாரி ஊர் வந்திருந்தது. தானே கூட்டிப்போய்ப் பள்ளியில் சேர்ப்பேன் என்று நின்றான்.

புது வாத்தியார் பேனாவைத் திறந்தார். "பொறந்த தேதி ஜூன் ஒண்ணுன்னு போட்டுக்கலாமுங்களா? எல்லாத்துக்கும் அதுதான் போடறது."

"எவன் பொறந்த நாளை என்ற புள்ளைக்குப் போடறீங்க?" மேட்டுக்காட்டான் போட்ட சத்தத்தில் வகுப்பே அடங்கிப்போயிற்று. "அவ பொறந்த நாளை அவளுக்குப் போடுங்க! அந்தப் பாழாப்போன தேதியாலதான் நான் பாறையத் தொளச்சுக்கிட்டுக் கெடக்கறேன்!"

வாத்தியார் மிரண்டுபோய், "சரிங்க, சரிங்க. நீங்களே சொல்லுங்க, எழுதறேன்" என்றார்.

மேட்டுக்காட்டானுக்கு அந்தத் தேதி தெரியாது. அவள் பிறந்தபோது அவன் எங்கேயோ காட்டில் குழாய் இறக்கிக்கொண்டிருந்தான். ஊர் வந்தபோது பிள்ளை தவழ்ந்துகொண்டிருந்தது. தூக்கிக் கொஞ்சினானே தவிர, என்றைக்குப் பிறந்தாள் என்று கேட்கத் தோன்றவில்லை. அவன் விரலைப் பிடித்துக்கொண்டு பெரியநாயகி அண்ணாந்து பார்த்தாள்.

"ஊட்டுல கேட்டுட்டு வாரேனுங்க" என்றான். குரல் இறங்கிவிட்டது.

பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு வெயிலில் வீடு வந்து சேர்ந்தான். சௌந்திரம் வாசலில் கடலைக்காய் உரித்துக்கொண்டிருந்தாள். கேட்டான்.

"தீபாவளி கழிஞ்ச வெள்ளிக்கெழம, விடியக் கருக்கல்ல" என்றாள் நிமிராமலே. பிறகு கை நின்றது. "அஞ்சு வருசத்துல இன்னைக்குத்தானுங்க கேக்கறீங்க."