தலவாக்கலையில் நான்கு நாள்: என் தங்கச்சிக்கு மட்டும் டிக்கெட் இல்லை

ஏப்ரல் மாதத்தில் வத்தளையில் ஒரு வாடகை வீட்டுக்குள் இருப்பது இட்லிச் சட்டிக்குள் இருப்பது மாதிரி. பள்ளிக்கூடம் விட்ட மூன்றாம் நாளே ஏழு வயது மகன் ஜெரோம் சுவரில் பந்தடித்து, மேல்வீட்டுக்காரரிடம் ஏச்சு வாங்கிவிட்டான். பதினொரு வயது மகள் அனிஷா ஃபோனை விட்டுத் தலை தூக்கவில்லை. சரி, எங்கேயாவது கூட்டிப் போவோம் என்று "குறைந்த செலவில் குடும்பச் சுற்றுலா" என்று இணையத்தில் தேடினேன். முதலில் வந்த பக்கத்தில் நுவரெலியாவில் ஓர் இரவுக்கு 38,000 ரூபாவுக்கு அறை. அதைத்தான் மலிவு என்று எழுதியிருந்தார்கள். நான் மருந்துக்கடையில் பில் போடுகிறவள். என் கணவர் ரொபட் பேக்கரியில் வேலை செய்கிறார். யாருக்கு ஐயா மலிவு?

அந்தக் கோபத்தில்தான் இந்தப் பயணத்தைத் திட்டமிட்டேன். திரும்பி வரும்போது அதைவிடப் பெரிய கோபம் ஒன்றைச் சுமந்துகொண்டு வந்தேன். பிள்ளைகளோடு போக நினைக்கிறவர்களுக்கு உதவட்டும் என்று இரண்டையும் எழுதுகிறேன்.

தங்கும் செலவு எங்களுக்கு இல்லை. என் தங்கச்சி ஜெசிந்தா தலவாக்கலைக்குப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுக்கிறாள். நாங்கள் இருவரும் பிறந்ததும் அங்கேதான். தோட்டத்தின் பெயரைப் போடவில்லை. அவள் இன்னமும் அங்கே வேலை செய்ய வேண்டும். புருஷன் கொழும்பில் கட்டட வேலையில் இருக்கிறார். லயத்து வீட்டில் (தோட்டத்து ஆட்களுக்கு வரிசையாக ஒட்டிக் கட்டியது) அவளும் பத்து வயது மகள் டில்ஷியும்தான். "பாயும் போர்வையும் இருக்கு, நீங்க வாங்க அக்கா" என்றாள்.

ரயிலில் போக ஆசைப்பட்டோம். முன்பதிவு திறந்த சில நிமிடங்களிலேயே இருக்கைகள் முடிந்துவிட்டன. நம் ஊர் ரயிலில் நம் பிள்ளைகளுக்கு ஜன்னலோரம் கிடைப்பது லொத்தர் விழுகிற மாதிரி ஆகிவிட்டது. ஆகவே பஸ். காலை 5.30க்குப் புறக்கோட்டையில் ஏறினோம். ஹட்டனுக்குச் சுமார் 130 கிலோமீட்டர், ஒருவருக்கு 560 ரூபா. கினிகத்தேனையில் இருபது நிமிடம் நிறுத்தினார்கள். வடையும் இஞ்சித் தேத்தண்ணியும் நன்றாக இருந்தன. அதற்குப் பிறகு வரும் வளைவுகளில் ஜெரோம் இரண்டு தடவை வாந்தி எடுத்தான். பொலித்தீன் பையும் எலுமிச்சம்பழமும் கையில் வைத்திருங்கள். ஹட்டனில் இறங்கும்போது 10.40.

ஹட்டனிலிருந்து தலவாக்கலைக்கு உள்ளூர் பஸ். இந்தப் பாதையில் இரண்டு பெரிய அருவிகளை வீதியில் நின்றே பார்க்கலாம், ஒரு சதம் கொடுக்கத் தேவையில்லை. நாங்கள் பாதி வழியில் இறங்கினோம். அங்கே புதிதாகப் பலகை அடித்து ஒரு மேடை. ஆளுக்கு 300 ரூபா டிக்கெட். வீதியோரத்தில் நின்று யாரும் பார்த்துவிடக் கூடாது என்று பச்சை வலை கட்டி மறைத்திருந்தார்கள். எனக்கு வந்த ஆத்திரத்தைப் பார்த்து, பக்கத்தில் ஓட்டோ நிறுத்தியிருந்தவர் சிரித்தார்.

"ஏங்க அங்க காசக் குடுக்குறீங்க? அந்த வளைவத் தாண்டி இருநூறு அடி நடங்க. அதே தண்ணிதான் விழுது."

நடந்தோம். அதே தண்ணிதான் விழுந்தது. மதிலில் உட்கார்ந்து ரொட்டியும் கட்டைச் சம்பலும் சாப்பிட்டோம். அன்று பின்னேரம் தலவாக்கலை நீர்த்தேக்கக் கரையில் மூன்று பிள்ளைகளும் இருட்டும் வரை ஓடினார்கள். அதற்கும் செலவில்லை.

இரண்டாம் நாள் நுவரெலியா. தலவாக்கலையிலிருந்து சுமார் 30 கிலோமீட்டர், பஸ்ஸில் ஒன்றேகால் மணித்தியாலம். சீசன் காலத்தில் தயவுசெய்து பத்து மணிக்குப் பிறகு போய் மாட்டிக்கொள்ளாதீர்கள். நகரத்துக்குள் நுழையவே எங்களுக்கு முக்கால் மணித்தியாலம் பிடித்தது. சோற்றுப் பார்சலை வீட்டிலிருந்தே கட்டிக்கொண்டு போனோம். பூங்காவில் புல்லில் உருண்டார்கள், தபால் கந்தோருக்கு முன்னால் படம் எடுத்தோம், சோளம் வாங்கிச் சாப்பிட்டோம். குதிரைச் சவாரி ஐந்து நிமிடத்துக்கு 1,000 ரூபா என்றதும் ஜெரோம் குதிரையைத் தடவிக் கொடுத்ததோடு திருப்திப்பட்டான். நல்ல பிள்ளை.

மூன்றாம் நாள்தான் நான் சொல்ல வந்தது.

ஜெசிந்தா வேலை செய்யும் தோட்டத்து ஸ்டோரில் (தேயிலைத் தொழிற்சாலையை நாங்கள் ஸ்டோர் என்றுதான் சொல்வோம்) வெளியாட்களுக்குச் சுற்றிக் காட்டுகிறார்கள். உள்நாட்டுக்காரருக்குப் பெரியவர் 500, பிள்ளைகள் 250. ஒரு மணித்தியாலம் சுற்றலாம், கடைசியில் தேத்தண்ணியும் உண்டு. பிள்ளைகளுக்கு ஏற்ற, கட்டுப்படியாகிற விஷயம் என்று நினைத்தேன். "நீயும் வா" என்றேன் தங்கச்சியிடம். பதினான்கு வருடமாகக் கொழுந்து எடுத்து அந்த ஸ்டோருக்கு அனுப்புகிறவள், ஒரு நாள்கூட உள்ளே போனதில்லை. கொழுந்து நிறுக்கிற இடத்தோடு அவர்கள் வேலை முடிந்துவிடும். அன்றைக்கு லீவு சொல்லிவிட்டு, கோயிலுக்குக் கட்டுகிற நீலச் சேலையைக் கட்டிக்கொண்டு வந்தாள். டில்ஷி தலையில் இரண்டு ரிப்பன்.

காலை 9.50க்கு வாசலில் நின்றோம். நான் ஆறு டிக்கெட் கேட்டேன். வாசல் காவல்காரர் என் தோளுக்கு மேலாகப் பார்த்தார்.

"என்ன ஜெசிந்தா, இன்னைக்கு பேரு போடலயா?"

"லீவுங்கண்ணே. அக்கா குடும்பம் வந்திருக்காங்க. ஸ்டோரு பாக்கப் போறோம்."

அவர் முகம் மாறிவிட்டது. "அவங்க நாலு பேரும் போகலாம். ஒன்னையும் புள்ளையையும் விட ஏலாது. தோட்டத்து ஆளுகள சுத்திப் பாக்க விடக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க. நான் என்ன செய்ய?"

காசு கொடுத்துத்தானே கேட்கிறோம் என்றேன். அவர் உள்ளே போய் ஒரு இளம் அதிகாரியைக் கூட்டி வந்தார். சுற்றுலாப் பகுதிக்குப் பொறுப்பாம். சிங்களத்தில்தான் பேசினார், மரியாதையாகவே பேசினார், அதுதான் இன்னும் எரிச்சல். இது விருந்தினர்களுக்கான இடம் என்றார். இவளும் என் விருந்தாளிதான் என்றேன். தொழிலாளர்கள் எதையாவது கேட்க வேண்டுமென்றால் காலையில் பெரட்டுக் களத்தில் கேட்கலாம் என்றார். வேலைக்குப் பேர் கொடுக்கிற இடத்தில் போய் டிக்கெட்டா கேட்பது?

அப்போது வெள்ளைக்காரர்கள் வந்த வேன் ஒன்று உள்ளே திரும்பியது. அதிகாரி அதைப் பார்த்தார், பிறகு என் தங்கச்சியை மேலும் கீழும் பார்த்தார். கூடை போட்டுக்கொண்டு விருந்தினர்களோடு படத்துக்கு நிற்கிற பெண் இன்றைக்கு வரவில்லையாம். உள்ளே சிவப்புச் சேலை இருக்கிறதாம். நங்கி, அதாவது தங்கச்சி, அதைக் கட்டிக்கொண்டு ஒரு அரை மணித்தியாலம் செடிகளுக்குள் நின்றால், எங்கள் ஆறு பேரையும் இலவசமாகவே சுற்றிக் காட்டுவாராம். உதவி செய்கிற முகத்தோடு சொன்னார்.

நான் வெடித்துவிட்டேன். என்ன சொன்னேன் என்று முழுக்க ஞாபகம் இல்லை. சத்தமாகச் சொன்னேன், தமிழும் சிங்களமும் கலந்து சொன்னேன். லீவு நாளில்கூட அவள் கூடையைச் சுமந்தால்தான் இந்தக் கதவு திறக்குமா, அவள் பிள்ளை பார்த்துக்கொண்டு நிற்கிறதே, உங்களுக்கு அக்கா தங்கச்சி இல்லையா என்று கத்தினேன். ரொபட் என் கையைப் பிடித்து இழுத்தார். ஜெரோம் அழத் தொடங்கினான். டில்ஷி ஒரு ரிப்பனை அவிழ்த்துவிட்டாள்; வீட்டுக்குத் திரும்பப் போகிறோம் என்று அந்தப் பிள்ளை முடிவே கட்டிவிட்டது.

ஜெசிந்தா கத்தவில்லை. அதிகாரிக்கு எதிரே போய் நின்று சிங்களத்தில் சொன்னாள்: "மாத்தயா, இன்னைக்கு நான் லீவு. எனக்கு ஒரு டிக்கெட், என் மகளுக்கு ஒரு டிக்கெட். காசு இருக்கு."

அவர் தலையை ஆட்டினார். முடியாது.

எங்களுக்கு முன்னால் டிக்கெட் வாங்கிவிட்டு ஒரு முஸ்லிம் குடும்பம் நின்றுகொண்டிருந்தது. ஹட்டனில் கடை வைத்திருக்கிறவர், மனைவி, தங்கை, ஐந்து பிள்ளைகள். அந்தக் கடைக்கார நானா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு கையிலிருந்த டிக்கெட்டுகளை ஜன்னலுக்குள் வைத்தார்.

"இந்தாங்க, எங்க எட்டு டிக்கெட். காசத் திருப்பித் தாங்க. இவங்களுக்கு இல்லாட்டி எங்களுக்கும் வேணாம்."

அவருடைய சின்ன மகன், "வாப்பா, மெஷின் பாக்கலயா?" என்று கேட்டான். "இன்னொரு நாளைக்கு மகன்" என்றார். அவர் மனைவி பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டு வெளியே நடக்கவே தொடங்கிவிட்டார்.

வேனிலிருந்து இறங்கியவர்கள் என்ன நடக்கிறது என்று வேடிக்கை பார்த்தார்கள். அதிகாரி அந்தப் பக்கம் ஒரு தடவை, எட்டு டிக்கெட்டை ஒரு தடவை பார்த்தார். காவல்காரரிடம் ஏதோ முணுமுணுத்துவிட்டு உள்ளே போய்விட்டார். எங்களுக்கு ஆறு டிக்கெட் வந்தது, நானாவும் தன் எட்டைத் திரும்ப எடுத்துக்கொண்டார். ஜெசிந்தா தன் பையிலிருந்தே 750 ரூபாவை எடுத்துக் கொடுத்தாள். நான் கொடுக்கிறேன் என்றதற்கு விடவில்லை. சலுகைகூட இல்லை, பாருங்கள்.

உள்ளே சுற்றிக் காட்டிய பெண்ணுக்கு இருபது வயதுதான் இருக்கும். பச்சைச் சேலை, மனப்பாடமான பேச்சு. மேல்மாடியில் நீளமான தட்டுகளில் கொழுந்தைப் பரப்பிக் காற்று விட்டு வாட்டுகிறார்கள். அந்த வாசனைக்காகவே பிள்ளைகளைக் கூட்டிப் போகலாம், அதை மறுக்க மாட்டேன். ஜெசிந்தா ஒரு தட்டுக்குப் பக்கத்தில் நின்று ஒரு பிடி அள்ளினாள்.

"இது எங்க மலைக் கொழுந்து அக்கா. நேத்து மத்தியானம் மழையில எடுத்தது. இன்னும் ஈரம் போகல."

பிறகு அதைத் தட்டிலேயே பரப்பி வைத்தாள், பக்கத்துக் கொழுந்தோடு சமமாக. அவள் முகத்தில் அப்போது இருந்தது சந்தோஷமா, வேறு ஏதாவதா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. கீழே அரைக்கிற இயந்திரம், சூளை, சல்லடை எல்லாவற்றையும் அவள்தான் எங்கள் எல்லோரையும்விடக் கூடுதலாகக் கேள்வி கேட்டுப் பார்த்தாள்.

சல்லடைக்குப் பக்கத்தில் அந்தப் பெண் சொன்னாள்: "எங்கள் தொழிலாளர்கள் நிர்வாகம் வழங்கிய வசதியான வீடுகளில் மகிழ்ச்சியாக வாழ்கிறார்கள்."

"எங்க வீட்டுல மழைக்கு ஒழுகுதுங்க மிஸ்" என்றாள் டில்ஷி. எதிர்த்துப் பேசுகிற தொனியே இல்லை. வகுப்பில் விடை சொல்கிற மாதிரிச் சொன்னாள்.

அந்தப் பெண் சுற்றிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "எங்க வீட்டுலயும்தான் தங்கச்சி. எங்கம்மாவும் கொழுந்துதான் எடுக்குறாங்க. இப்பிடித்தான் சொல்லச் சொல்லியிருக்காங்க." பிறகு மறுபடி சத்தமாகச் சல்லடையைப் பற்றிச் சொல்லத் தொடங்கினாள்.

நான்காம் நாள் நாங்கள் பஸ் ஏறி வத்தளைக்கு வந்துவிட்டோம். பயணக் கதை இத்தோடு முடிந்திருந்தால் நானும் ஏதோ பெரிதாக வென்றுவிட்டதாக எழுதியிருப்பேன். அடுத்த கிழமை ஜெசிந்தா ஃபோன் எடுத்தாள். நாங்கள் புறப்பட்ட மறுநாள் காலையிலேயே கண்டாக்கு ஐயா, அதுதான் மலை வேலையை மேற்பார்க்கிறவர், எல்லோர் முன்னாலும் ஏசியிருக்கிறார். ஒரு கிழமை முழுக்க, நடக்கவே முக்கால் மணித்தியாலம் எடுக்கிற மேல் மலைக்கு அவளை அனுப்பியிருக்கிறார்கள். அட்டை கடித்துக் கால் வீங்கியிருந்ததாம்.

நான் மறுபடி கொதித்தேன். அங்கே ஃபோன் பண்ணுகிறேன், இங்கே எழுதிப் போடுகிறேன் என்றேன். அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னாள்:

"அக்கா, நீங்க சத்தம் போட்டுட்டு பஸ் ஏறிட்டீங்க. நான்தான் இங்க இருக்கேன். இனிமே சண்ட போடறதா இருந்தா என்னயக் கேட்டுட்டுப் போடுங்க."

அவள் சொன்னது சரி. அவளுக்காகக் கோபப்படுகிறேன் என்று நினைத்துக்கொண்டு, அவளிடம் ஒரு வார்த்தை கேட்காமல் நான் கத்தியிருக்கிறேன். அப்படியானால் டிக்கெட்டே கேட்டிருக்கக் கூடாதோ என்று கேட்டேன். "அப்பிடிச் சொல்லல" என்றாள். "நான் பாத்துட்டேன்ல? டில்ஷி பாத்துட்டால்ல? இப்ப எங்க செட்டுல எல்லாப் பொம்பளைங்களும் உள்ள என்ன இருக்குன்னு கேக்குறாங்க. எட்டுப் பேரு சேந்து, புள்ளைங்களுக்கு ஒரு நாளு காட்டச் சொல்லி எழுதிக் குடுக்கப் போறோம்." எழுதிக் கொடுத்தும்விட்டார்கள். இதை எழுதுகிற வரை பதில் வரவில்லை. அவளைக் கேட்டுவிட்டுத்தான் இதையும் எழுதுகிறேன்.

போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். தெரிந்தவர் வீடு இல்லாவிட்டால் நுவரெலியாவில் அறை தேடாமல் தலவாக்கலையிலோ ஹட்டனிலோ பாருங்கள், வாடகை பாதிக்கும் குறைவு. ஏப்ரல் கூட்டம் வேண்டாமென்றால் ஆகஸ்ட் விடுமுறையில் போகலாம், ஆனால் மழைச்சட்டை கட்டாயம். பிள்ளைகளுக்குக் கம்பளிச் சட்டை, அட்டைக்கடிக்கு உப்பும் சவர்க்காரமும். அருவியைக் காட்ட யாராவது காசு கேட்டால் வளைவைத் தாண்டி நடங்கள்.

தேயிலை ஸ்டோர் பார்க்கப் போனால், டிக்கெட் வாங்குவதற்கு முன்னால் ஜன்னலில் ஒரு கேள்வி கேளுங்கள்: இந்தத் தோட்டத்தில் வேலை செய்கிறவர்களும் பிள்ளைகளும் இதைப் பார்க்கலாமா? இல்லை என்றால், நீங்களும் காசைப் பையிலேயே வைத்துக்கொண்டு திரும்பி நடங்கள். சத்தம் போட வேண்டாம். நான் போட்ட சத்தத்துக்கு அந்தக் கதவு அசையவே இல்லை. முன்பின் தெரியாத ஒரு குடும்பம் எட்டு டிக்கெட்டைத் திருப்பிக் கொடுத்தபோதுதான் திறந்தது.