இடது பக்கக் கதவு

கேட் தூணில் நான் காரை இடித்தபோது பெரிய சத்தமொன்றும் வரவில்லை. தகர டிரங்குப் பெட்டியைத் தரையில் இழுத்த மாதிரி ஒரு கரகரப்பு, அவ்வளவுதான். நல்ல மழை. சாங்வியில் அப்போது நாங்கள் இருந்த குடியிருப்பின் கேட் குறுகல். கட்டியவன் வாழ்நாளில் காரையே பார்த்திருக்க மாட்டான். இறங்கிப் பார்த்தேன். இடது பக்க மட்கார்டு மடங்கிக் கிடந்தது. கதவு நடுவில் குழிந்து, கீழ் ஓரம் வெளியே பிதுங்கி நின்றது.

தொண்ணூறுகளின் நடுவில் நடந்தது இது. எனக்கு லோஹேகாவ் பக்கம் ஒரு பள்ளியில் வேலை, இரண்டு பஸ் மாற வேண்டும். என் வீட்டுக்காரர் ஆபீஸ் பஸ்ஸில் போய்விடுவார். செகண்ட் ஹேண்டில் வாங்கிய வெளிர்நீலக் கார் வாரம் முழுக்க வாசலில் தூங்கும். அதைப் பார்த்துப் பார்த்து வயிறெரிந்துதான் டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்து லைசென்ஸ் வாங்கினேன். அந்த வருஷம் பள்ளி திறந்ததிலிருந்து நானே ஓட்டிக்கொண்டு போனேன். இறங்கியதும் சாவியை விரலில் சுழற்றிக்கொண்டே வராந்தாவில் நடப்பேன். அப்போது எனக்கு இருந்த திமிரைச் சொல்லி மாளாது. அது ஒரு மாதம்கூட நீடிக்கவில்லை.

அன்று சாயங்காலம் அவர் வந்து பார்த்தார். "உனக்கு அடி ஒண்ணும் படலியே?" என்று கேட்டார். இல்லை என்றேன். கதவை மேலிருந்து கீழ்வரை உள்ளங்கையால் தடவினார். திட்டவில்லை. திட்டியிருந்தால் நானும் பதிலுக்கு நாலு வார்த்தை கேட்டிருப்பேன், விஷயம் அன்றோடு முடிந்திருக்கும். "சரி பண்ணிடலாம். அப்புறம் நீ எடுத்துக்கோ" என்றார். அந்த 'அப்புறம்' என்ற சொல்லை நான் நம்பினேன்.

நம் ஊரில் டிங்கரிங் என்பதை இங்கே மராத்திக்காரர்கள் ஊரில் டென்டிங் என்பார்கள். தாபோடியில் ஒரு டென்டிங்காரர் மட்கார்டைத் தட்டி நிமிர்த்தினார், குழியை எடுத்தார், கதவுக்குக் கீழே துருவேறி உளுத்திருந்த தகட்டை வெட்டிவிட்டுப் புதிதாக வெல்டு வைத்தார். கதவைத் திரும்ப மாட்டியபோதுதான் வினை வந்தது. கதவைச் சுற்றியுள்ள இடைவெளி மேலே அகலமாகவும் கீழே ஒடுக்கமாகவும் இருப்பதாக என் வீட்டுக்காரருக்குப் பட்டது. "சாப், பழைய வண்டி, கதவுதான் மூடுதே, போதும்" என்று இந்தியில் சொல்லிப் பார்த்தார் அந்த மனுஷன். இவர் கேட்கிற ஆளா? பெயிண்ட் அடிக்காமலே வண்டியை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார்.

அதன்பின் எங்கள் ஞாயிற்றுக்கிழமைகள் அந்தக் கதவுக்குப் போயின. கீலின் போல்ட்டுகளை அவர் தளர்த்துவார். கதவின் பாரத்தை நான் கீழிருந்து தாங்கிப் பிடிப்பேன். "கொஞ்சம் மேலே. போதும். விட்டுடாதே." இறுக்கிவிட்டு, இடைவெளிக்குள் என் சீப்பின் முதுகை நுழைத்துப் பார்ப்பார். அளவுகோல் கிடைக்கவில்லையாம், என் சீப்புதான் கிடைத்தது. மேலே நுழையும், கீழே முட்டும். மறுபடி தளர்த்துவார். தலைக்குக் குளித்துவிட்டு நான் சீப்பைத் தேடினால் அது கிரீஸோடு பானெட் மேல் கிடக்கும்.

ஒரு ஞாயிறு, வசதியாக இருக்கட்டும் என்று வண்டியை ஜாக் வைத்துத் தூக்கிவிட்டார். அன்று அடித்தது யோகம். சீப்பு நாலு பக்கமும் வெண்ணெயில் கத்திபோல ஓடியது. எனக்குத் தோள் விட்டுப்போயிருந்தாலும் சிரிப்பு வந்தது. ஜாக்கை இறக்கினார். பாரம் சக்கரத்தில் இறங்கியதும் வண்டியின் பழைய உடம்பு தன் இஷ்டத்துக்கு வளைந்து உட்கார்ந்தது, கதவு திறக்கவே மாட்டேன் என்றது. இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்து வயிறு வலிக்கச் சிரித்தோம். பொய் சொல்வானேன், கல்யாணமான பிறகு நாங்கள் அவ்வளவு நெருக்கமாக உட்கார்ந்து ஒரு வேலை செய்தது அப்போதுதான்.

தீபாவளி தாண்டித்தான் கதவு படிந்தது. பெயிண்டும் அடித்தாயிற்று. எங்கே இடித்தேன் என்று எனக்கே தெரியவில்லை, அவ்வளவு சுத்தம். சாவியைக் கேட்டேன். "இப்பதானே பெயிண்ட் ஆயிருக்கு, கொஞ்சம் காயட்டும்." காய்ந்தது. "பொண்ணுக்குப் பரீட்சை முடியட்டும்." முடிந்தது. "மழைக்காலம் போகட்டும்." ஒரு தடவையாவது முடியாது என்றாரா? இல்லை. கடக்வாஸ்லாவுக்கு எங்களைக் கூட்டிப்போகும்போது அணையோரம் நிறுத்தி அந்தக் கதவை எனக்குத் திறந்துவிடுவார், மகாராணிக்குத் திறப்பதுபோல. நான் கேட்பதை எப்போது விட்டேன் என்று நினைவில்லை. சாவி காலண்டர் ஆணியில்தான் தொங்கியது, பூட்டி ஒன்றும் வைக்கவில்லை. எடுத்துக்கொண்டு போயிருக்கலாம். அவர் கொடுக்கட்டும் என்று காத்திருந்தேன். அதை நினைத்தால் இன்றைக்கும் மனது ஆறவில்லை.

மகள் ஐ.டி. வேலைக்குப் போய்ப் புதுக் கார் வாங்கியதும் பழையதை விற்க முடிவானது. ஒரு மராத்தித் தம்பதி பார்க்க வந்தார்கள். கணவன் இடது பக்கக் கதவைத் தடவிவிட்டு, எங்கேயாவது இடிபட்டதா என்று கேட்டான். "எங்கேயும் இல்லை" என்றார் இவர். விற்கிறவர் வேறென்ன சொல்வார் என்று உள்ளுக்குள் சிரித்துக்கொண்டேன். அந்தப் பெண் நேராக ஸ்டியரிங் முன்னால் போய் உட்கார்ந்தாள். "அக்கா, நீங்களும் ஓட்டுவீங்களா?" என்று மராத்தியில் என்னைக் கேட்டாள்.

நான் வாய் திறப்பதற்குள், "அவங்களுக்கு ஓட்டத் தெரியாது, கத்துக்கவே இல்லை" என்றார் இவர்.

விற்பதற்காக அந்தப் பொய் தேவையில்லையே. அவர்கள் போன பிறகு கேட்டேன்.

"நான் ஓட்டினேனே, மறந்துட்டீங்களா?"

"நீயா? எப்ப?"

"அந்தக் கதவை எதுக்குங்க சரி பண்ணினோம்?"

"துருப்பிடிச்சுப் போச்சே, அதுக்குத்தானே" என்றார். உடனே அவர் முகம் மலர்ந்தது. "ஜாக்கை இறக்கினதும் மாட்டிக்கிச்சே, ஞாபகம் இருக்கா? உன் சீப்பு என்ன பாடுபட்டுச்சு."

இருக்கிறது என்றேன்.